கற்றையைக் காவல் காப்பது யார்?

புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை நம் ஊருக்கே வந்துவிட்டது. இயந்திரத்தின் எடை, விலை, வேகம் என்று எல்லாவற்றையும் பேசுகிறோம். அதிலிருந்து பாயும் துகள்களை எண்ணும் மெல்லிய கருவிகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நோயாளியின் பாதுகாப்பு அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது.

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊர். முதுகில் கட்டி அகற்றப்பட்ட ஒருவர், ஒன்பதாவது முறையாகக் கதிர்வீச்சு மேஜையில் குப்புறப் படுத்திருக்கிறார். பக்கத்து அறையில் இருக்கும் ஆபரேட்டர், எக்ஸ்-ரே என்பதற்கான எழுத்தைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, சட்டென்று அதை எலக்ட்ரான் என்று திருத்துகிறார். கற்றையைத் தொடங்கும் விசையை அழுத்துகிறார். இயந்திரம் நின்றுபோகிறது. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு வரி. கொடுக்க வேண்டியது 202 அலகு, கொடுத்தது 6 அலகு என்கிறது கணக்கு.

கதிர் போய்ச் சேரவில்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? தொடரும்படி இன்னொரு தட்டு. உள்ளே இருந்தவருக்கோ முதல் தடவையே முதுகில் ஷாக் அடித்தது போல் இருந்தது. எழுந்திருக்கப் பார்க்கும்போது கையில் இரண்டாவது அடி. அன்றைக்கு அந்த அறையின் வீடியோ இணைப்பு பிடுங்கிக் கிடந்தது. இன்டர்காமும் வேலை செய்யவில்லை. அவர் எழுந்து வந்து கதவைத் தட்டிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார்.

180 ராட் கதிரளவு போக வேண்டிய இடத்தில் 16,500 முதல் 25,000 ராட் வரை போயிருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். அதுவும் ஒரு நொடிக்குள். அப்படியானால் திரை ஏன் '6' என்றது? கற்றையை அளக்கும் அயனியாக்க அறைகள் அத்தனை செறிவைக் கையாள முடியாமல் திணறி, குறைவான அளவைக் காட்டிவிட்டன. மென்பொருள் செய்த பிழையை அளவுக் கருவி மூடி மறைத்தது. 'தெரக்-25' என்ற அந்த இயந்திரத்தின் விபத்துகள் இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம்.

அது எலக்ட்ரான் கற்றை. கருவி தோற்றது கற்றை மிகுந்துபோனதால். இன்று புரோட்டான், கார்பன் அயனிகளை வைத்துச் சிகிச்சை செய்பவர்களுக்கு அதற்கு நேரெதிரான சவாலும் சேர்ந்திருக்கிறது. கற்றை மிக மெலிதாக இருக்கும்போது அதை எப்படி அளப்பது? இதற்கு வரும் விடையைப் பொறுத்துத்தான் அடுத்த தலைமுறை சிகிச்சை எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பது முடிவாகும்.

ஆழம் தெரிந்து நிற்கும் துகள்

நம் ஊர்ப் பேச்சில் 'கரன்ட் வைப்பது' என்று சொல்கிறோமே, அந்த வழக்கமான எக்ஸ்-ரே சிகிச்சையில் கதிர் உடலுக்குள் நுழைந்து, கட்டியைத் தாக்கி, மறுபக்கமாக வெளியேறும். போகும் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் செய்துகொண்டே போகும். அயனிகளின் குணம் வேறு. தோலருகே சிறிதளவு ஆற்றலைத்தான் விடும். வேகம் குறையக் குறைய விடும் ஆற்றல் கூடும். நிற்கும் இடத்தில் மிச்சத்தை எல்லாம் கொட்டிவிட்டு அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த வில்லியம் ஹென்றி பிராக், 1904 வாக்கில் ஆல்ஃபா துகள்களிடம் இதைக் கண்டார். அந்த உச்சத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: பிராக் உச்சம்.

அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ராபர்ட் வில்சன், இதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946-ல் எழுதினார். 1954-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை கொடுக்கப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் லோமா லிண்டா மருத்துவமனை 1990-ல் அதைத் தொடங்கியது. ஜப்பானின் சிபாவில் 1994-ல் கார்பன் அயனிகள் வந்தன. இன்று உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட புரோட்டான் மையங்கள் இருக்கின்றன. கார்பன் மையங்கள் அதில் ஒரு சிறு பங்கே.

சரியான இடத்தில் நிற்கும் துகள் வரம் என்றால், தவறான இடத்தில் நிற்கும் துகள் சாபம். எக்ஸ்-ரே சில மில்லி மீட்டர் பிசகினால் கதிரளவு சற்றே மாறும். புரோட்டான் பிசகினால் கட்டியின் ஓரம் தப்பித்துவிடும். இல்லையென்றால் பின்னால் இருக்கும் தண்டுவடமோ பார்வை நரம்போ முழு அடியையும் வாங்கும்.

அரை சென்டிமீட்டர் காற்றில் ஒரு கணக்கு

சிகிச்சை அறையில் நோயாளிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை 'நாஸில்' என்கிறார்கள். கற்றை வெளியே வரும் கடைசி வாசல் அது. காவல் கருவிகள் இருப்பது இங்கேதான். அவற்றில் முக்கியமானது அயனியாக்க அறை: மெல்லிய உலோகப் பூச்சுக் கொண்ட தாள்கள். நடுவே சில மில்லி மீட்டர் வாயு. இரு பக்கமும் மின்னழுத்தம். கற்றை பாயும்போது வாயு அயனிகளாக உடையும். அந்த மின்னோட்டத்தை அளந்தால் எத்தனை துகள்கள் போயின என்று தெரியும். 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு புரோட்டான் அரை சென்டிமீட்டர் காற்றைக் கடக்கும்போது சுமார் நூறு அயனி ஜோடிகள் உருவாகின்றன. அந்த நூறுதான் மொத்த சிகிச்சைக்கும் ஆதாரம்.

இந்தக் கருவி சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை. கற்றையையே அதுதான் ஆள்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடம் 1996-ல் தொடங்கி இன்று உலகமெங்கும் பரவிவிட்ட 'ஸ்கேனிங்' முறையில், பென்சில் பருமனுள்ள கற்றை கட்டியைப் புள்ளி புள்ளியாக, அடுக்கடுக்காக நிரப்புகிறது. ஒரு புள்ளியில் கற்றை நிற்பது சில மில்லி நொடிகள். 'இந்தப் புள்ளிக்கு வேண்டிய எண்ணிக்கை வந்துவிட்டது' என்று முதல் கருவி சொன்ன பிறகுதான் அடுத்த புள்ளிக்கு நகரும். இரண்டாவது கருவி தனியாக எண்ணி முதல் கணக்கைச் சரிபார்க்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் கொண்ட மூன்றாவது, கற்றை சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று பார்க்கும். மூன்றில் எது முரண்டு பிடித்தாலும் கற்றை உடனே நிற்க வேண்டும். பாதியில் நின்றால், எந்தப் புள்ளியில், எத்தனையாவது துகளில் விட்டோம் என்ற பதிவை வைத்து அங்கிருந்தே தொடர வேண்டும்.

இந்தப் புள்ளிவாரிப் பதிவுகளை எடுத்து, நோயாளிக்கு உண்மையில் போன அளவு எவ்வளவு என்று மறுபடி கணக்கிடும் மையங்களும் உண்டு. திட்டத்தில் எழுதியதும் உடலுக்குள் போனதும் ஒன்றுதானா என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி.

▌பெட்டிச் செய்தி: எண்களில் ஒரு கற்றை

• ஒரு நானோ ஆம்பியர் கற்றை என்றால் நொடிக்குச் சுமார் 624 கோடி புரோட்டான்கள்.

• ஒரு லிட்டர் அளவுள்ள கட்டிக்கு 2 கிரே கதிரளவு கொடுக்கப் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட புரோட்டான்கள் வேண்டும்.

• புரோட்டானை வைத்துப் படம் எடுக்க நொடிக்குப் பத்து லட்சம் அளவில் இருந்தாலே போதும். மின்னோட்டமாகச் சொன்னால், ஒரு நானோ ஆம்பியரில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு.

• 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் தண்ணீரில் சுமார் 4 செ.மீ. போகும், 150 என்றால் சுமார் 16 செ.மீ.; 230 என்றால் சுமார் 33 செ.மீ.

குறைந்தால் ஏன் குழப்பம்?

துகள்கள் கோடிக்கணக்கில் பாயும்போது மின்னோட்டத்தை அளப்பது சுலபம். லட்சங்களுக்கு இறங்கினால் கருவியின் சொந்த மின் இரைச்சலிலேயே கணக்கு மூழ்கிவிடும். வாசலில் அண்டாவை வைத்து அடைமழையை அளந்துவிடலாம். நாலு தூறலை அளக்க அண்டா உதவாது, துளி துளியாக எண்ணத்தான் வேண்டும். குறைசெறிவுக் கற்றையின் சிக்கல் மொத்தமும் இதுதான்.

சிகிச்சையிலேயே இந்த நிலை வருகிறது. பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தின் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி எப்போதும் 250 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலேயே புரோட்டானைத் தரும். ஆழம் குறைந்த கட்டிக்கு ஆற்றலைக் குறைக்க, கற்றையைக் கார்பன் கட்டைகள் வழியே அனுப்பி வேகத்தைத் தணிக்கிறார்கள். அதில் கற்றை சிதறி, 70-க்கு இறக்கும்போது கிளம்பியதில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. குழாய்க்குள் ஓடுவது ஒரு நானோ ஆம்பியரின் சிறு பின்னமாகக்கூட இருக்கும்.

அயனியாக்க அறையைக் குறுக்கே வைத்து அளக்கலாம். ஆனால் வேகம் குறைந்த புரோட்டான் எந்தத் தாளில் பட்டாலும் திசை மாறும். பென்சில் முனை மழுங்கும். அளக்கப் போய்ச் சிகிச்சையையே கெடுத்துக்கொள்வதா? அதனால் கற்றையைத் தொடாமலேயே அளக்கும் ஓர் உலோகக் குழிவை அங்கே உருவாக்கினார்கள். அந்த சைக்ளோட்ரானிலிருந்து புரோட்டான்கள் நொடிக்கு 7 கோடிக்கு மேற்பட்ட கொத்துகளாக வருகின்றன. அந்தத் தாளத்தின் இரட்டிப்பு அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த குழிவு, ஒவ்வொரு கொத்து கடக்கும்போதும் மெல்ல அதிரும். அதிர்வின் அளவு கற்றையின் அளவைச் சொல்லிவிடும். ஒரு நானோ ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு வரை இதனால் உணர முடிந்தது.

ஏழு மில்லி மீட்டர் பயம்

குறைசெறிவுக் கற்றைக்கு இப்போது இவ்வளவு மவுசு வந்ததற்குப் பெரிய காரணம், படம் எடுப்பது.

புரோட்டான் எங்கே நிற்கும் என்பதை மருத்துவர்கள் இன்று எக்ஸ்-ரே சி.டி. ஸ்கேனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எக்ஸ்-ரே உடலில் எப்படி உறிஞ்சப்படுகிறது என்பதிலிருந்து, புரோட்டான் எப்படி வேகம் இழக்கும் என்பதை மாற்றிக் கணக்குப் போட வேண்டும். அந்த மாற்றத்தில் 3.5 சதவீதம் வரை பிசகலாம் என்று பல மையங்கள் எடுத்துக்கொள்கின்றன. கேட்பதற்குச் சின்ன எண். 20 செ.மீ. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அது 7 மில்லி மீட்டர்.

விளைவு? கட்டியைத் தாண்டி அந்த 7 மில்லி மீட்டரையும் சேர்த்தே கதிர் கொடுக்கிறார்கள். கட்டிக்குப் பின்னால் மூளைத்தண்டு இருந்தால், அதற்கு முன்னால் கற்றை நிற்கும் என்று நம்பிக் குறிவைக்க மருத்துவர்கள் துணிவதில்லை. பக்கவாட்டிலிருந்து சுற்றி வருகிறார்கள். துகள் கச்சிதமாக நிற்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும் பணம் கொட்டிக் கட்டிய இயந்திரம், அந்தக் குணத்தையே முழுதாகப் பயன்படுத்த முடியாமல் பாதி பலத்தில் ஓடுகிறது.

சிகிச்சை கொடுக்கும் அதே புரோட்டானை வைத்தே படமும் எடுத்தால் இந்த மாற்றுக்கணக்கு தேவைப்படாது. ஆற்றலைக் கூட்டி, உடலை ஊடுருவி மறுபுறம் வரும்படி அனுப்பி, ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகம் இழந்தது என்று தனித்தனியாக அளக்க வேண்டும். சி.டி. ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலன் கார்மாக், 1963-லேயே இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். அறுபது ஆண்டுகள் கடந்தும் அது அன்றாட வைத்தியமாகவில்லை. ஒரு காரணம் ஆற்றல்: தலையை ஊடுருவும் 230 மெகா எலக்ட்ரான் வோல்ட், வயது வந்தவரின் இடுப்பை ஊடுருவப் போதாது. இன்னொரு காரணம் எண்ணிக்கை: நொடிக்கு நூறு கோடி துகள் தரும்படி கட்டிய இயந்திரத்தைப் பத்து லட்சத்துக்கு இறக்க வேண்டும். இறக்கிய பின் அங்கே கற்றை இருக்கிறதா என்பதையே வழக்கமான கருவிகளால் சொல்ல முடியாது.

வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நொய்ஷ்டாட்டில் இருக்கும் மெட் ஆஸ்ட்ரான் மையம், ஆராய்ச்சிக்காகத் தன் சின்க்ரோட்ரான் முடுக்கியை நொடிக்கு ஆயிரங்களிலிருந்து லட்சங்கள் வரை இறக்கிக் காட்டியது. இறக்குவது மட்டும் போதாது, ஓட்டம் சீராகவும் இருக்க வேண்டும். சின்க்ரோட்ரானிலிருந்து கற்றையை நொடிக்கணக்கில் மெல்ல மெல்ல வடிக்கும்போது, காந்தங்களின் மின்சாரத்தில் இருக்கும் சிறு நடுக்கம்கூடத் துகள்களைக் கும்பலாகத் தள்ளிவிடும். சராசரி பார்த்தால் சரியாக இருக்கும். ஒரு நுண்நொடியில் பத்து துகள் முட்டிக்கொண்டு வரும், அடுத்ததில் ஒன்றும் வராது. ஒவ்வொன்றாக எண்ணும் கருவிக்கு இது தலைவலி.

இதைவிடத் துணிச்சலான யோசனை ஒன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் ஜி.எஸ்.ஐ. உள்ளிட்ட கூடங்களில் சோதனையில் இருக்கிறது. ஒரே வேகத்தில் போகும் கார்பனும் ஹீலியமும் ஒரே காந்தப் பாதையில் ஓடும். ஆனால் ஹீலியம் கார்பனைப் போல் மூன்று மடங்கு தூரம் போகும். கார்பன் கற்றையில் துளி ஹீலியத்தைக் கலந்துவிட்டால், கார்பன் கட்டியில் நின்று சிகிச்சை செய்யும் அதே நேரம் ஹீலியம் உடலைக் கடந்து வந்து படம் தரும். நுரையீரல், கல்லீரல் போல மூச்சோடு அசையும் இடங்களில் இது பெரிய உதவி. பின்னால் வரும் அந்தச் சொற்ப ஹீலியத்தைத் தவறவிடாமல் எண்ணத் தெரிந்தால்தான் இது நடக்கும்.

▌பெட்டிச் செய்தி: எண்ணும் கருவிகள் எத்தனை வகை?

• அயனியாக்க அறை: நம்பகமானது, மலிவு, பல ஆண்டு அனுபவம் உண்டு. மெதுவானது, மிகக் குறைந்த கற்றை தெரியாது.

• மெல்லிய சிலிக்கான்: இத்தாலியின் டூரின் குழு உருவாக்கிவரும் வகையில் உணரும் அடுக்கின் தடிமன் 50 மைக்ரான் அளவுதான். துகள் ஒவ்வொன்றையும் நானோ நொடிக் கணக்கில் எண்ணும். கதிர் படப்பட வலு குறையும்.

• ஒளிர் இழைகள்: துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக் இழைகள். ஹைடல்பெர்க்கில் முயல்கிறார்கள். நாளாக நாளாக ஒளி மங்கும்.

• வைரம்: வேகம் உண்டு, கதிரையும் தாங்கும். பெரிய அளவில் செய்வது கடினம், விலையும் அதிகம்.

• காமா கேமரா: துகள் உடலுக்குள் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பும் காமா கதிரைப் பிடிக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2015-ல் முதன்முதலாக நோயாளியிடம் பயன்பட்டது.

சென்னைக்கு இதில் என்ன?

தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் சென்னை தரமணியில் திறக்கப்பட்டது. அப்போலோ குழுமத்துக்குச் சொந்தமான அதில் மூன்று சிகிச்சை அறைகள். அடுத்து, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு வளாகம் நவி மும்பை கார்கரில் 2023-ல் சிகிச்சையைத் தொடங்கியது. அது மத்திய அணுசக்தித் துறையின் கீழ் வருவது. இரண்டு இடத்திலும் இருப்பது பெல்ஜியத்தின் ஐ.பி.ஏ. நிறுவன இயந்திரம். கட்டி முடிக்கும் முன்பே சுவர்த் தடிமனிலிருந்து எல்லாவற்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இயந்திரத்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில், முதல் நோயாளி வருவதற்கு முன்பே மருத்துவ இயற்பியலாளர்கள் வந்துவிடுவார்கள். கற்றையைத் தண்ணீருக்குச் சமமான பலகைகளில் பாய்ச்சி, ஆழம் ஒரு மில்லி மீட்டருக்குள் இருக்கிறதா, அளவு மூன்று சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஒரு மில்லி மீட்டர் தாண்டினால் அன்றைய வரிசை மொத்தமும் காத்திருக்க வேண்டியதுதான். மயக்கமருந்து கொடுக்கக் காலையிலிருந்து வெறும் வயிற்றில் வைத்திருக்கும் குழந்தையும் அந்த வரிசையில் இருக்கலாம். கருவி வேகமாகவும் நம்பகமாகவும் இருந்தால் இந்தச் சோதனை நேரம் சுருங்கும். அறை நோயாளிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆளுக்கு ஆகும் செலவும் குறைய வழி பிறக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புரோட்டான் எல்லாப் புற்றுநோய்க்கும் சிறந்தது கிடையாது. புரோஸ்டேட் புற்றுநோயில் புரோட்டானையும் நவீன எக்ஸ்-ரே முறையையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வந்த குழந்தைகளின் நிலை வேறு. முதுகு முழுவதும் கதிர் வைக்கும்போது, முன்னால் இருக்கும் இதயத்தையும் குடலையும் தொடாமல் நிற்கும் துகளுக்கு ஈடு இல்லை. எங்கே நிற்கிறது என்று உறுதியாகத் தெரியும்போதுதான் அந்தப் பலனும் உறுதியாகும்.

▌பெட்டிச் செய்தி: மருத்துவரிடம் கேளுங்கள்

• என் கட்டிக்கு எக்ஸ்-ரேயைவிடப் புரோட்டானால் என்ன கூடுதல் பலன்? இரண்டின் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா?

• கற்றை நிற்கும் இடத்தில் எத்தனை மில்லி மீட்டர் விட்டுவைக்கிறீர்கள்? அதற்குப் பின்னால் எந்த உறுப்பு இருக்கிறது?

• சிகிச்சை நடக்கும் வாரங்களில் மறுபடி ஸ்கேன் எடுப்பீர்களா? எடை குறைந்தால் திட்டத்தை மாற்றுவீர்களா?

• பாதியில் கற்றை நின்றால் எப்படித் தொடர்வீர்கள்?

வாங்கத் தெரிகிறது, செய்யத் தெரியாதா?

உணர்கருவி செய்வதில் இந்தியா கற்றுக்குட்டி நாடு இல்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்ட சி.எம்.எஸ். சோதனைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலிக்கான் பட்டை உணர்கருவிகள் நம் நாட்டிலிருந்து போயின. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைக்க, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. அதே செர்னின் ஆலிஸ் சோதனையில் ஒரு முழு உணர்கருவியையே இந்தியக் குழுக்கள் கட்டின. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. சோதித்துப் பார்க்கக் கற்றை வேண்டுமென்றால், இப்போது தரமணியிலும் கார்கரிலும் கற்றை இருக்கிறது.

கருவி செய்யும் திறன், மருத்துவ இயற்பியல், கற்றை ஆகிய இந்த மூன்றும் ஒரே மேஜையில் உட்காரவில்லை என்பதுதான் குறை. சிகிச்சை இயந்திரத்துக்குள் இருக்கும் அளவுக் கருவியில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் நோயாளிகள் போன பிறகு இரவில் ஓர் அறையை ஆராய்ச்சிக்குத் திறந்துவிடலாம். தனியே நிற்கும் ஓர் எண்ணும் கருவியைக் கற்றை முன் வைத்துப் பழகலாம். இத்தாலியின் பாவியாவிலும் ஆஸ்திரியாவிலும் சிகிச்சைக்கென்று கட்டிய மையங்கள் ஆய்வுக்கெனத் தனி இடமும் நேரமும் ஒதுக்கியதால்தான், புதிய உணர்கருவிகள் அங்கே பிறக்கின்றன.

பொதுப்பணத்தில் இயங்கும் கார்கர் மையம் இதில் முதல் அடி எடுத்துவைக்கலாம். வாரத்தில் சில இரவுகளைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கினாலே போதும். இனி இந்தியாவில் அடிக்கல் நாட்டப்படும் ஒவ்வொரு புரோட்டான் மையத்தின் திட்ட மதிப்பீட்டிலும், கற்றையை அளக்கும் கருவிகளின் ஆய்வுக்கென ஒரு தொகையும், அதை நடத்த இயற்பியலாளர் பணியிடங்களும் கட்டாயம் இருக்க வேண்டும். அனுமதி தரும் அரசும் பணம் போடும் நிறுவனமும் இதை முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.